குட்டிப் பூனைகள் உயிருக்குப் போராடும்போது கூட இருப்பவர்கள் என்ன செய்யலாம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பூனை வளர்ப்பவர்கள் தங்கள் சந்தேகங்களை டாக்டரிடம் கேட்டுக்கொள்கிறார்கள். அவர்களைச் சுற்றியிருக்கும் தோழி, அண்ணி, பக்கத்து வீட்டுக்காரர், ஆபீஸ் நண்பர் ஆகியோருக்குத்தான் யாரிடம் கேட்பதென்று தெரிவதில்லை. வீட்டில் எப்போதும் நாலைந்து பூனைகள் திரிவதாலோ என்னவோ, அந்தக் கேள்விகள் என்னிடம் வந்து சேர்கின்றன. கேட்பவர் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, தெரிந்த பதிலைக் கீழே போட்டிருக்கிறேன். பெரும்பாலும் குட்டிகளைத் தாக்கும் பார்வோ என்ற வைரஸ் நோயைப் பற்றித்தான், எஃப்.ஐ.பி. என்ற இன்னொரு வைரஸ் நோயும் பின்னால் வரும். நான் டாக்டர் இல்லை. எந்த மருந்து, எவ்வளவு என்பதெல்லாம் இங்கே இருக்காது.

"குட்டின்னா ஒருநாள் சாப்பிடாம கிடக்கும், அப்புறம் தானா சரியாயிடும். இதுக்கு ஏன் இவ்வளவு பதறணும்?"

முக்கால் கிலோ எடையுள்ள குட்டியின் உடம்பில் சேமிப்பு என்று ஒன்றும் கிடையாது. இரண்டு மூன்று முறை வாந்தி எடுத்தாலே நீர் வற்றும், சர்க்கரை இறங்கும், உடம்புச் சூடு குறையும். காலையில் திரைச்சீலையில் தொங்கி விளையாடிய குட்டி ராத்திரி தலை தூக்காமல் கிடப்பது சாதாரணமாக நடக்கிற விஷயம்.

பார்வோ வந்த குட்டி உட்காரும் விதத்தை ஒருமுறை பார்த்தால் மறக்காது. தண்ணீர்க் கிண்ணத்துக்கு முன்னால் குறுகி உட்கார்ந்து, தாடையைக் கிண்ணத்தின் விளிம்பில் வைத்துக்கொண்டிருக்கும். தாகம் இருக்கும், ஆனால் குடிக்காது. பூனை வளர்க்கும் உங்கள் தோழி அதைப் பார்த்துவிட்டுத்தான் உங்களைக் கூப்பிட்டிருப்பார். "பதறாதே" என்று ஆரம்பிக்காதீர்கள். "எந்த டாக்டர் இப்போ திறந்திருப்பார்?" என்று ஆரம்பியுங்கள்.

"பார்வோ நாய்க்கு வர்றதுதானே? பூனைக்கு எப்படி வரும்?"

பூனைக்கென்றே ஒரு பார்வோ வைரஸ் இருக்கிறது. அந்த நோய்க்குப் பான்லுகோபீனியா என்று பெயர். டாக்டர் சீட்டில் எஃப்.பி.வி. என்று எழுதியிருப்பார்கள். உண்மையில் பூனைகளிடம் இருந்ததுதான் பழையது. நாய்களைக் கொல்லும் பார்வோ 1970களின் கடைசியில்தான் தலைகாட்டியது.

இந்த வைரஸ் வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்கும். குட்டியின் உடம்பில் அப்படிப்பட்ட இடங்கள் முக்கியமாக இரண்டு: குடலின் உள்சுவர், எலும்பு மஜ்ஜை. குடல் புண்ணாவதால் வாந்தியும் நாற்றமடிக்கும் பேதியும் வரும். மஜ்ஜை அடிபடுவதால் வெள்ளை அணுக்கள் சரியும். எதிர்க்க ஆளில்லாத நேரத்தில் குடலில் உள்ள பாக்டீரியா ரத்தத்துக்குள் புகும். வைரஸையே கொல்லும் மருந்து என்று வழக்கமாகக் கொடுப்பது எதுவும் இல்லை. ட்ரிப்ஸ், வாந்தி நிற்க ஊசி, ஆன்டிபயாட்டிக், கதகதப்பு இவற்றை வைத்து உடம்பு தானே மீளும்வரை தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை.

சிகிச்சை இல்லாவிட்டால் 10 குட்டிகளில் 9 போய்விடும். தீவிரமாகப் பார்த்துக்கொண்டால் பாதிவரை பிழைக்கலாம். முதல் 5 நாட்களைத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் தேறிவிடும். உங்கள் உதவி அதிகம் தேவைப்படுவதும் அந்த 5 நாட்களில்தான்.

"போன் பண்ணி என்ன சொல்றது? எனக்கு வாயே வர மாட்டேங்குது."

வாய் வராதவர்களால் பெரிய கெடுதல் நேர்ந்ததில்லை. சரளமாகப் பேசுபவர்களைக் கண்டால்தான் எனக்குப் பயம். "எல்லாம் சரியாயிடும்" என்று டாக்டரே சொல்லாதபோது நீங்கள் சொல்ல முடியாது. "என் சித்தி வீட்டுப் பூனையும் இப்படித்தான் செத்துது" என்பதைச் சொல்லவே வேண்டாம். "தெருப்பூனைன்னா தாங்கும்" என்பதில் உண்மையில்லை. நாட்டுப்பூனையோ பெர்ஷியனோ, தடுப்பூசி இல்லாத குட்டி எல்லாம் இந்த வைரஸுக்கு ஒன்றுதான்.

குட்டிகளின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். "மிட்டு எப்படி இருக்கான், சிட்டு ஏதாவது குடிச்சாளா?" என்று கேட்டால் போதும். அதற்குமேல் அவர் பேசினால் கேட்டுக்கொள்ளுங்கள், பேசாவிட்டால் வைத்துவிடுங்கள். ஒரு நாளில் பத்துப் பேருக்கு அதே கதையைத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பதே பெரிய களைப்பு. உறவினர்கள், ஆபீஸ்காரர்கள் எல்லோருக்கும் நிலைமையைச் சொல்லும் பொறுப்பை "நான் பார்த்துக்கிறேன்" என்று நீங்கள் வாங்கிக்கொண்டால் அதுவே பாதி பாரம் குறைந்த மாதிரி.

"'என்ன உதவி வேணும்னாலும் கேளு'ன்னு சொல்லிட்டேன். அவ கேக்கவே இல்லையே?"

கேட்க மாட்டார். தூக்கமில்லாத மனுஷிக்குத் தனக்கு என்ன தேவை என்று யோசிப்பதே தனி வேலை. வேலையை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்: "நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு ஆட்டோவோட வாசல்ல நிக்கறேன்." "மதியம் உனக்குத் தயிர் சாதம் கொண்டுவந்து கிளினிக்ல குடுத்துட்டுப் போறேன்." "ராத்திரி ரெண்டு மணிவரைக்கும் நான் முழிச்சிருக்கேன், நீ படு." வேண்டாம் என்றால் வேண்டாம் என்பார், அதற்கு யோசிக்க வேண்டியதில்லை.

இன்னொரு நல்ல வேலை நோட்டுப் புத்தகம். எத்தனை மணிக்கு வாந்தி, என்ன நிறம், சிறுநீர் போனதா, எந்த மருந்து எப்போது உள்ளே போனது, காலையில் சமையல் தராசில் எடை எத்தனை கிராம் என்று எழுதிவைப்பது. இரண்டு குட்டிகள் என்றால் இரண்டு பக்கம். ஒன்றுக்குக் கொடுத்த மருந்தை மறந்து அதற்கே திரும்பக் கொடுப்பது நடக்கக்கூடியது. டாக்டர் கேட்கும்போது "நேத்து சாயங்காலம்னு நினைக்கிறேன்" என்று தடுமாறுவதும் மிச்சமாகும். மூச்சு வாங்கும் விதமோ நடையோ மாறினால் போனில் வீடியோ எடுத்துக் காட்டுங்கள்.

"ட்ரிப்ஸ் ஏத்தற இடத்துக்குப் போய் நான் என்ன பண்ணப் போறேன்? டாக்டர்தான் இருக்காரே?"

நம் ஊரில் பல சின்னக் கிளினிக்குகளில் ராத்திரி தங்கவைக்கும் வசதி கிடையாது. காலையில் கொண்டுபோனால் மணிக்கணக்காக மேசைமேல் வைத்து ஏற்றி, காலில் வென்ஃப்ளானோடு (ட்ரிப்ஸ் ஏற்றும் ஊசிக்குழாய்) வீட்டுக்கு அனுப்பி, மறுநாள் வரச் சொல்வார்கள். அந்த நேரம் முழுக்க யாராவது குட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். டாக்டருக்கு அடுத்த நாய் காத்திருக்கும். நிற்பது உங்கள் தோழிதான். அவருக்குப் பாத்ரூம் போகக்கூட ஆள் மாற்ற முடியாது.

நீங்கள் போனால் செய்ய வேண்டியது இது. குட்டி முன்காலை மடக்கினால் ட்ரிப்ஸ் நின்றுவிடும். முழங்கைக்குப் பின்னால் விரலை வைத்து மெதுவாக நீட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் பார்வை சொட்டு விழும் குழாயில் இருக்கட்டும். சின்ன உடம்புக்குப் பெரும்பாலும் மைக்ரோ ட்ரிப் செட் போடுவார்கள். அதில் 60 சொட்டு சேர்ந்தால்தான் 1 மில்லி. பார்க்க ஒன்றுமே போகாத மாதிரி இருக்கும். அவசரப்பட்டுக் குழாயில் இருக்கும் உருளையைத் திருகி வேகம் கூட்டாதீர்கள், அளவு மீறினால் நுரையீரலில் நீர் கோத்துவிடும். சொட்டு நின்றாலும், கால் வீங்கினாலும், குட்டி வேகமாக மூச்சு வாங்கினாலும் டாக்டரைக் கூப்பிடுங்கள். குட்டியின் அடியில் நன்றாகச் சுற்றிய வெந்நீர்ப் பை இருக்கட்டும். பூனைக்கு இயல்பான சூடு ஏறக்குறைய 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். அதற்குக் கீழே இறங்குவது காய்ச்சலைவிட மோசமான செய்தி.

உள்ளே நுழையும்போதே பார்வோ சந்தேகம் என்று வரவேற்பில் சொல்லிவிடுங்கள். கேரியரைத் தரையில் வைக்க வேண்டாம், மடியில் வையுங்கள். பக்கத்தில் முதல் தடுப்பூசிக்கு வந்த குட்டி ஒன்று உட்கார்ந்திருக்கும்.

"என் வீட்டுலயும் பூனை இருக்கு. அங்க போயிட்டு வந்தா என் பூனைக்கும் வந்துடுமா?"

உங்கள் பூனைக்குத் தடுப்பூசி ஒழுங்காக முடிந்திருந்தால் பயம் மிகக் குறைவு. உங்கள் வீட்டில் இருப்பதும் குட்டியாக இருந்து, ஊசி முழுதாக முடியாமல் இருந்தால் நீங்கள் போகாதீர்கள். வேறு ஆளை அனுப்புங்கள், நீங்கள் போன் வேலையைப் பாருங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, தோழிக்கும் சொல்லிவிடலாம்.

வைரஸ் செருப்பில் வரும், சுடிதார் ஓரத்தில் வரும், கேரியரில் வரும். போவதானால் பழைய செருப்பு, துவைக்கிற துணி. திரும்பியதும் வாசலிலேயே துணியை மாற்றி, சோப்புப் போட்டுக் கையை நன்றாகக் கழுவுங்கள். சானிடைசர் இந்த வைரஸை ஒன்றும் செய்யாது. அவர் வீட்டுக் கிண்ணம், துண்டு, லிட்டர் ட்ரே (பூனை மலம் கழிக்கும் தட்டு) எதையும் கடன் வாங்கவோ கொடுக்கவோ வேண்டாம்.

"அவ வீட்டைக் கழுவிக் குடுக்கலாம்னு இருக்கேன். ஃபினாயில் ஊத்தினா போதும்ல?"

நல்ல எண்ணம், தப்பான பாட்டில். ஃபினாயில் பூனைக்கு விஷம். டெட்டாலும் அப்படித்தான். ஈரத் தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே உள்ளே போய்விடும். அதோடு, பல தரை துடைக்கும் திரவங்களுக்கு இந்த வைரஸ் அசையாது. வீட்டுக்குள் ஒரு வருஷம்வரை உயிரோடு கிடக்கக்கூடியது அது.

இதற்கு வேலை செய்வது பிளீச். கடையில் பாட்டிலில் விற்கும் சோடியம் ஹைப்போகுளோரைட் சுமார் 5 சதவீதம் இருந்தால், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி. முதலில் வாந்தி, மலம் எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரால் துடைத்தெடுத்து அலச வேண்டும், அழுக்கின்மேல் ஊற்றினால் பிளீச் வீண். பிறகு பூசி 10 நிமிஷம் விட்டு, நல்ல தண்ணீரால் கழுவி, ஜன்னலைத் திறந்து காயவிடுங்கள். குட்டிகள் அந்த நேரம் வேறு அறையில். ஆசிட், ஃபினாயில் எதோடும் பிளீச்சைக் கலக்கக் கூடாது, கிளம்பும் புகை உங்களையே தாக்கும். துணி மெத்தை, அட்டைப்பெட்டி, பிறாண்டும் கயிற்றுக் கம்பம் இவற்றைச் சுத்தம் செய்ய முடியாது. தூக்கிப்போடுவது நல்லது, ஆனால் தோழியைக் கேட்காமல் தூக்கிப்போடாதீர்கள். ஒரு குட்டி போயிருந்தால் அந்தக் கிழிந்த மெத்தைதான் அவரிடம் மிச்சமாக இருக்கும்.

"நான் மாசமா இருக்கேன். பூனை வீட்டுக்குப் போகவே கூடாதுன்னு மாமியார் சொல்றாங்க."

பூனை பார்வோ மனிதர்களுக்குத் தொற்றாது. வயிற்றுப் பிள்ளைக்கும் அதனால் ஒன்றும் வராது. உங்கள் மாமியார் கேள்விப்பட்டிருப்பது டாக்ஸோபிளாஸ்மா என்ற வேறு கிருமியை. அது பூனையின் மலம் வழியாக வரலாம், அதிலும் குட்டிகளுக்கு முதல்முறை தொற்றும்போது. ஆகவே லிட்டர் ட்ரேயைத் தொட வேண்டாம், கழுவும் வேலையை வேறு யாரிடமாவது விடுங்கள். போய்த் தோழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வருவதில் தடையில்லை. மருந்து பொடி செய்யும் வேலை மட்டும் வேண்டாம். ஏன் என்பது எஃப்.ஐ.பி. கேள்வியில் வருகிறது.

"பப்பாளி இலைச் சாறு குடுத்தா ரத்த அணு ஏறும்னு எங்கம்மா சொல்றாங்க. சொல்லிப் பாக்கலாமா?"

வேண்டாம். டெங்கு வந்த காலத்திலிருந்து பப்பாளி இலை எல்லா வியாதிக்கும் வந்து நிற்கிறது. இங்கே குறைவது வெள்ளை அணு, அதோடு குடல் புண்ணாகி வாந்தியும் நிற்காமல் இருக்கும். கசப்புச் சாற்றை சிரிஞ்சில் வலுக்கட்டாயமாக ஊற்றினால் நுரையீரலுக்குள் போகத்தான் வாய்ப்பு அதிகம்.

அம்மாக்கள் பாசத்தோடு அனுப்பும் மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். சின்ன வெங்காயம், பூண்டு போட்ட சிக்கன் சூப்: வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும். பசும்பால்: பேதியைக் கூட்டும். காய்ச்சலுக்குக் குரோசின், டோலோ: பாரசிட்டமால் சிறு துண்டே பூனையைக் கொன்றுவிடலாம், கொடுக்கவே கூடாது, இதில் விதிவிலக்கே இல்லை. சாம்பிராணிப் புகை, திருஷ்டி கழிக்கக் கற்பூரம்: அந்த அறையில் வேண்டாம். அம்மாவின் கை சும்மா இருக்காது என்றால் தோழிக்கு ரசம் வைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

"காசு குடுத்தா தப்பா எடுத்துப்பாளோன்னு இருக்கு."

கையில் கொடுத்தால் சங்கடம்தான். கிளினிக் கவுன்டரில் அன்றைய பில்லை ஜிபே செய்துவிட்டு வந்துவிடுங்கள், அல்லது மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு போய் மருந்தோடு திரும்புங்கள். திருப்பித் தர வேண்டுமா என்ற பேச்சை அந்த வாரம் எடுக்காதீர்கள். கடனாகத்தான் தர முடியும் என்றால் கொடுக்கும்போதே சொல்லிவிடுவது நல்லது.

செலவு தாங்காது என்றால் அரசு வழிகளைத் தேடிக் கொடுப்பதும் பண உதவிதான். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இலிருந்து இருக்கிறது, அதன் ஆஸ்பத்திரியில் செல்லப்பிராணிகளைப் பார்க்கிறார்கள். நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி போன்ற ஊர்களிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உண்டு. கூட்டம் இருக்கும். குட்டியோடு அவர் நிழலில் உட்கார்ந்திருக்க, சீட்டு வாங்கும் வரிசையில் நீங்கள் நிற்கலாம்.

"நான் சிங்கப்பூர்ல இருக்கேன். தங்கச்சி தனியா அல்லாடறா. இங்கேருந்து என்ன செய்ய முடியும்?"

நிறைய. பில் கட்டுவதை மேலேயே சொல்லிவிட்டேன். அதைவிட, பத்துக் கிளினிக்குக்குப் போன் போட்டு ராத்திரி யார் திறந்திருக்கிறார்கள், பூனையைப் பார்ப்பார்களா, ரத்தப் பரிசோதனை அங்கேயே எடுப்பார்களா என்று கேட்டு, இரண்டே இரண்டு பெயரைத் தங்கைக்கு அனுப்புங்கள். பத்தையும் அனுப்பாதீர்கள். பூனைக்கென்று தனி டெஸ்ட் இல்லை என்று சொல்லும் இடத்தில், நாய் பார்வோவுக்கான மலப் பரிசோதனைக் கிட் பூனையுடையதையும் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும் என்பதை அவள் டாக்டரிடம் கேட்டுப் பார்க்கலாம். சிங்கப்பூர் கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுவதால் விடியற்காலை மருந்துக்கு எழுப்பும் போன் உங்களுடையதாக இருக்கட்டும்.

நெட்டில் படித்ததை மணிக்கொருமுறை அனுப்புவது மட்டும் வேண்டாம்.

"'ஒரு பூனைக்குப் போய் இவ்வளவு செலவா'ன்னு எங்க வீட்டுப் பெரியவங்க அவ காதுபடவே பேசறாங்க."

அவர்களைத் திருத்த இது நேரமில்லை. அறையைவிட்டு நகர்த்துங்கள், காபி போடச் சொல்லுங்கள், கோயிலுக்குக் கூட்டிப்போங்கள். வாதம் வளர்ந்தால் தோழி தன் குட்டிக்காக மன்னிப்புக் கேட்கிற நிலைமைக்கு வந்துவிடுவார். பின்னாளில் ஒருநாள், அவர்கள் வளர்த்த பசுவைப் பற்றிக் கேளுங்கள். அதற்காக மாட்டாஸ்பத்திரி வாசலில் காத்துக் கிடந்த கதை அவர்களிடம் பெரும்பாலும் இருக்கும்.

"தடுப்பூசி போடலையே, நான்தான் கொன்னுட்டேன்னு அழறா. அது உண்மைதானே?"

பாதி உண்மை. அந்தப் பாதியை அந்த வாரம் சொல்ல வேண்டியதில்லை. ஊசி முழுதாக முடிந்த பூனைக்கு இது வருவது அரிது. ஆனால் முதல் ஊசியே 6 முதல் 8 வார வயதில்தான் ஆரம்பிக்கும். பிறகு 3, 4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் ஆகும்வரை. ஏன் இத்தனை முறை என்றால், தாயிடமிருந்து வந்த எதிர்ப்பு சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை அதுவே ஊசியை வேலை செய்யவிடாது. அது குறைந்து, ஊசி பிடிப்பதற்கு முன்னால் ஒரு இடைவெளி உண்டு. ஊசியை ஆரம்பித்த குட்டிகளுக்கும் அந்த இடைவெளியில் நோய் வருவதுண்டு. தெருவிலிருந்து எடுத்த குட்டி என்றால் வரும்போதே வைரஸோடு வந்திருக்கலாம். தொற்றி நோய் வெளிப்பட ஒரு வாரம்போல ஆகும்.

"உன் தப்பே இல்ல" என்று அடித்துச் சொன்னால் நம்ப மாட்டார். "வாந்தி எடுத்த அன்னிக்கே தூக்கிட்டு ஓடின, அதை நான் பார்த்தேன்" என்பதுபோல நடந்த ஒன்றைச் சொல்லுங்கள். வீட்டில் வேறு பூனைகள் இருந்தால் அவற்றின் ஊசி பற்றி டாக்டரிடம் உடனே கேட்க வேண்டும். அந்த வேலையையும் நீங்களே எடுத்துக்கொள்ளலாம்.

"டாக்டர் பார்வோ இல்ல, எஃப்.ஐ.பி.ங்கறார். அப்போ மேல சொன்னதெல்லாம் மாறுமா?"

நிறைய மாறும். எஃப்.ஐ.பி. பூனைகளின் குடலில் சாதாரணமாக இருக்கும் ஒரு கொரோனா வைரஸ், ஒரு பூனையின் உடம்புக்குள்ளேயே உருமாறுவதால் வருவது. இரண்டு வயதுக்குட்பட்டவற்றில்தான் அதிகம். வயிறு நீர்கோத்து உப்புவது, விடாத காய்ச்சல், இளைப்பு. பெரும்பாலும் பூனைக்குப் பூனை தாவாது, ஆகையால் பிளீச் ஓட்டம் இந்த அளவுக்குத் தேவையில்லை.

முன்பெல்லாம் இந்தப் பெயரைச் சொன்னால் முடிந்தது என்று அர்த்தம். 2019-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் நீல்ஸ் பெடர்சன் குழு வெளியிட்ட ஆய்வில், ஜி.எஸ்.-441524 என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து கொடுத்த 31 பூனைகளில் 26 பூனைகள் 12 வாரச் சிகிச்சையை முடித்தன, பெரும்பாலானவை நீண்டகாலம் பிழைத்தன. கோவிட் காலத்தில் வந்த மோல்னுபிராவிரையும் சில டாக்டர்கள் கொடுக்கிறார்கள். மோல்னுபிராவிர் கருவைப் பாதிக்கக்கூடியது, எனவே கர்ப்பிணிகள் அந்த மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது.

இங்கே உதவியின் கால அளவுதான் வேறு. பார்வோ 5 நாள் ஓட்டம். எஃப்.ஐ.பி. 84 நாள், தினமும் ஒரே நேரத்துக்கு மருந்து. முதல் வாரம் கூட்டமாக வந்தவர்கள் ஆறாவது வாரம் இருக்க மாட்டார்கள். நீங்கள் ஆறாவது வாரத்துக்கு வாருங்கள்.

"'ஊசி போட்டு அனுப்பிடலாமா'ன்னு என்கிட்ட கேக்கறா. நான் என்ன சொல்ல?"

அவர் கேட்பது கருணைக்கொலையைப் பற்றி. முடிவை அவருக்காக எடுக்காதீர்கள். "போட்டுடு" என்றாலும் "கூடாது, பாவம்" என்றாலும் பின்னால் அது உங்கள் வார்த்தையாகவே அவர் மனசில் நிற்கும். டாக்டரிடம் கேட்க வேண்டியதைக் கூட நின்று கேளுங்கள். நேற்றைக்கு இன்றைக்கு வெள்ளை அணு ஏறுகிறதா இறங்குகிறதா? உடம்புச் சூடு இறங்காமல் நிற்கிறதா? வலியைக் கட்டுப்படுத்த முடிகிறதா? இன்னும் ஒருநாள் பார்த்தால் எது தெரிந்தால் தொடரலாம், எது தெரிந்தால் நிறுத்தலாம்? "உங்க பூனையா இருந்தா என்ன பண்ணுவீங்க?" என்ற கேள்விக்குப் பல டாக்டர்கள் நேர்மையாகவே பதில் சொல்வார்கள்.

முடிவெடுத்துவிட்டால் என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே அவருக்குச் சொல்லிவையுங்கள். வழக்கமாக மயக்க மருந்து கொடுத்து, பிறகு மயக்க மருந்தையே அதிக அளவில் ஏற்றுவார்கள். சில நிமிஷங்களில் முடிந்துவிடும். கண் மூடாது. போன பிறகும் ஓரிரு முறை மூச்சு இழுப்பது போல அசையலாம், சிறுநீர் போகலாம். இது தெரியாதவர்கள் "இன்னும் உயிர் இருக்கு" என்று அலறிவிடுகிறார்கள். கூட இருக்க முடியாது என்றால் வெளியே போகலாம். அப்போது நீங்கள் உள்ளே இருங்கள், குட்டியின் தலையில் ஒரு கை இருக்கட்டும்.

"ஒண்ணு போயிடுச்சு. இன்னொண்ணு இன்னும் ஆஸ்பத்திரில. துக்கம் கேக்கறதா, தைரியம் சொல்றதா?"

இரண்டுக்கும் நேரமிருக்காது. அழுகையை ஒத்திவைத்துவிட்டு அடுத்த ட்ரிப்ஸுக்கு ஓடிக்கொண்டிருப்பார். "இன்னொண்ணாவது இருக்கே" என்று மட்டும் சொல்லாதீர்கள். போனதுக்கும் ஒரு பெயர் இருந்தது, இருப்பதும் நாளைக்கு இருக்குமா என்று தெரியாது.

போன குட்டியின் உடம்பை நீங்கள் பார்த்துக்கொள்ளலாம். பழைய துணியில் சுற்றி உறையிலிட்டு, இடம் இருந்தால் மூன்றடியாவது ஆழத்தில், வேறு பூனைகள் தோண்டாத இடமாகப் புதைக்கவும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் கிளினிக்கிலோ மாநகராட்சியிலோ கேட்டால் வழி சொல்வார்கள். தோழி பார்க்க விரும்புகிறாரா என்று கேட்டுவிட்டு எடுத்துப்போங்கள். ஆஸ்பத்திரியில் இருக்கும் குட்டிக்கு அருகே அன்றிரவு யார் என்பதையும் அதே மூச்சில் பேசிவிடுங்கள்.

"அவங்க பையனுக்கு ஆறு வயசு. 'குட்டி எங்க ஆன்ட்டி?'ன்னு என்கிட்ட கேக்கறான்."

முதலில் பெற்றவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள், இரண்டு கதை ஆகக் கூடாது. "தூங்குது", "ஊருக்குப் போயிருக்கு" இரண்டும் வேண்டாம். அவன் தூங்கப் பயப்படுவான், அல்லது தினமும் வாசலில் நிற்பான். "ரொம்ப உடம்பு சரியில்லாம செத்துப்போச்சு, டாக்டரும் அம்மாவும் காப்பாத்தப் பாத்தாங்க, முடியலை" என்பது ஆறு வயசுக்குப் புரியும். தான் வாலைப் பிடித்து இழுத்ததால்தானா என்று கேட்பான். கேட்காவிட்டாலும் நீங்களே இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

"மனசு ஆறட்டும்னு புதுசா ஒரு குட்டி கொண்டுபோய்க் குடுக்கலாமா?"

கூடாது. மனசு ஒரு காரணம், அதை விட்டுவிடுவோம். வீட்டில் வைரஸ் ஒரு வருஷம் கிடக்கும் என்று கழுவும் கேள்வியில் சொன்னேன். ஊசி முடியாத குட்டியை அங்கே விடுவது இன்னொரு 5 நாள் ஓட்டத்துக்கு அச்சாரம் கொடுப்பது. அவராகக் கேட்கும் காலத்தில், தடுப்பூசி முழுதும் முடிந்த, வளர்ந்த பூனையாகப் பார்க்கலாம்.

"பொழச்சிடுச்சு! இனிமே நாங்க தேவையில்லதானே?"

தேறிய குட்டிக்கு இந்த நோய் மறுபடி வராது என்றே சொல்லலாம், ஆனால் ஆறு வாரம்வரை அதன் மலத்தில் வைரஸ் வெளியேறலாம். தனி லிட்டர் ட்ரே, தனிக் கிண்ணம், உங்கள் பூனையோடு விளையாட விடாமல் இருப்பது இவையெல்லாம் அதுவரை. சாப்பாடு கொஞ்சம் கொஞ்சமாக, பலமுறை.

தோழியைத்தான் கவனிக்க வேண்டும். குட்டி ஓட ஆரம்பித்த பிறகுதான் அவருக்குக் காய்ச்சல் வரும், அழுகை வரும். ஆபீஸில் தேங்கிய வேலை இருக்கும். ஆபீஸ் நண்பராக இருந்தால் அந்த வாரம் அவருடைய ஒரு வேலையை முடித்துக் கொடுங்கள்.

"ரெண்டு பேர் குட்டிக்கும் ஒரே வாரத்துல வந்துச்சு. என்னோடது பொழச்சிடுச்சு, அவளோடது போயிடுச்சு. எப்படி அவ முகத்துல முழிக்கிறது?"

போகாமல் இருப்பதைத்தான் அவர் தப்பாக எடுத்துக்கொள்வார். போங்கள். உங்கள் குட்டியின் படங்களை ஸ்டேட்டஸில் போடுவதைக் கொஞ்ச நாள் நிறுத்திவையுங்கள். ஆனால் அவர் கேட்டால் மறைக்காமல் நன்றாக இருக்கிறது என்று சொல்லுங்கள். "நீ எந்த டாக்டர்கிட்ட போன, என்ன போட்டாங்க?" என்று துருவிக் கேட்பார், தான் எங்கே தவறவிட்டோம் என்று தேடுவார். ஒரே சிகிச்சையில் ஒன்று பிழைப்பதும் ஒன்று போவதும் இந்த நோயில் உண்டு, அதை அப்படியே சொல்லுங்கள். உங்களிடமிருந்து வாங்கியதில் மிஞ்சிய மருந்தையும் வெந்நீர்ப் பையையும் அவர் திருப்பித் தர வந்தால் வாசலிலேயே வாங்கிக்கொண்டு அனுப்பிவிடாமல், உள்ளே வருகிறாயா, குட்டி இருக்கிற அறையைச் சாத்திவைக்கட்டுமா என்று கேளுங்கள். சிலர் சாத்து என்பார்கள். சிலர் பார்க்க வேண்டும் என்பார்கள்.